பழைய சாமானில் புது விளையாட்டு!
'கேம் பாய்' தந்த யோகோய் கதை

வேலை நேரத்தில் ஒருவர் பொம்மை செய்து விளையாடிக்கொண்டு இருந்தார். அந்தப் பக்கமாக முதலாளி வந்தார். பார்த்துவிட்டார்!

கொஞ்ச நேரத்தில் முதலாளி அறையில் இருந்து ஆள் வந்தது. உடனே வரும்படி உத்தரவு. தொலைந்தோம், நல்ல திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே அவர் போனார்.

நடந்தது வேறு. அந்தப் பொம்மையைக் கடையில் விற்கும்படியாகச் செய்து கொடு என்று முதலாளி சொன்னார்!

1966-ம் ஆண்டில் அது கடைக்கு வந்தது. 10 லட்சத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது.

பொம்மை செய்தவர் பெயர் குன்பெய் யோகோய். ஊர், ஜப்பானில் உள்ள கியோட்டோ. கம்பெனி, நிண்டெண்டோ.

பிற்காலத்தில் உலகம் முழுவதும் பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தார்களே, 'கேம் பாய்' என்ற சின்ன விளையாட்டுப் பெட்டி, அது இவர் தலைமையில் உருவானதுதான். அது 11 கோடிக்கு மேல் விற்றது. இவர் செய்த இன்னொரு பெட்டி 8 லட்சம்கூட விற்கவில்லை. இரண்டையும் செய்தவர் ஒரே ஆள்!

சீட்டுக் கம்பெனி

யோகோய் 1941-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ந் தேதி கியோட்டோவில் பிறந்தார். அதே ஊரில் உள்ள டோஷிஷா பல்கலைக்கழகத்தில் படித்து மின்சார என்ஜினீயர் ஆனார். 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார்.

நிண்டெண்டோ என்றால் இன்று வீடியோ கேம்தான் நினைவுக்கு வரும். அன்று அது சீட்டுக் கட்டு செய்யும் கம்பெனி. 1889-ல் தொடங்கியது. பூவும் செடியும் வரைந்த 'ஹனஃபுடா' என்ற ஜப்பானியச் சீட்டுக்குப் பெயர் போனது. ஒரு கட்டுக்கு 48 சீட்டு. மாதத்துக்கு 4 சீட்டு வீதம் 12 மாதத்துக்கும் தனித்தனிப் படம்.

சீட்டு அடிக்கும் எந்திரங்கள் பழுது இல்லாமல் ஓடுகின்றனவா என்று பார்ப்பது யோகோயின் வேலை. எந்திரங்கள் ஒழுங்காக ஓடின. ஆகவே அவருக்கு நிறைய நேரம் மிஞ்சியது. தொழிற்சாலையில் கிடந்த சாமான்களை வைத்து எதையாவது செய்துகொண்டு இருந்தார்.

அப்படிச் செய்ததுதான் அந்தப் பொம்மை. நம் ஊர்க் கடைகளில் இழுத்து மூடும் இரும்புக் கதவு இருக்கிறது அல்லவா? பட்டை பட்டையாக விரியும், பிறகு மடங்கும். அதே மாதிரி விரிந்து நீளும் ஒரு கை. தூரத்தில் இருக்கும் பந்தை உட்கார்ந்த இடத்தில் இருந்தே பிடிக்கலாம். 'அல்ட்ரா ஹேண்ட்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அன்றோடு எந்திரம் பார்க்கும் வேலை போயிற்று. பொம்மை செய்வதே வேலை ஆயிற்று.

முதலாளியின் பெயர் ஹிரோஷி யமாவுச்சி. கம்பெனியைத் தொடங்கியவரின் கொள்ளுப்பேரன். கண்டிப்பான ஆள். ஆனால் எது விலை போகும் என்று மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

யோகோய் ஒன்றன் பின் ஒன்றாகப் பொம்மைகள் செய்தார். 1969-ல் வந்த 'லவ் டெஸ்டர்' ஒரு வேடிக்கை. ஓர் ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு குமிழைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மறு கையால் ஒருவர் கையை ஒருவர் பிடிக்க வேண்டும். முள் நகர்ந்து அன்பின் அளவைக் காட்டும்! உண்மையில் அது மின்சாரம் உடம்பில் ஓடுவதைக் காட்டும் மீட்டர். பெண்களின் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேண்டும் என்றுதான் அதைச் செய்தேன் என்று யோகோயே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

மீட்டர் ஒன்றும் புதிது அல்ல. எல்லா என்ஜினீயர்களிடமும் இருந்தது. அதை விளையாட்டுச் சாமானாக யாரும் நினைக்கவில்லை. யோகோய் நினைத்தார். வாழ்நாள் முழுவதும் அவர் கடைப்பிடித்த வழி இதுதான்.

புதிதாகக் கண்டுபிடித்த பொருள் விலை அதிகமாக இருக்கும். அதில் என்ன கோளாறு வரும் என்பதும் தெரியாது. பல ஆண்டு புழங்கிய பொருள் விலை இறங்கி இருக்கும். அதன் நெளிவு சுளிவு எல்லோருக்கும் அத்துப்படி. அந்தப் பழைய பொருளை எடுத்து, யாரும் நினைக்காத இடத்தில் வை. இதைத்தான் அவர் தம்மிடம் வேலை பார்த்த இளைஞர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

ரெயிலில் பார்த்த காட்சி

ஒருநாள் யோகோய் அதிவேக ரெயிலில் போய்க்கொண்டு இருந்தார். பக்கத்தில் ஒரு பயணி. ஆபீசில் வேலை பார்ப்பவர். பொழுது போகவில்லை. கையில் இருந்த கால்குலேட்டரின் பொத்தான்களைச் சும்மா தட்டிக்கொண்டு வந்தார்.

பெரியவர்களுக்கும் பொழுது போகவில்லை! கையில் அடங்கும் விளையாட்டு ஒன்று இருந்தால்? யோகோய் மனதில் பொறி தட்டியது.

சில நாள் கழித்து, முதலாளியின் டிரைவர் வரவில்லை. யோகோய் காரை ஓட்டும்படி ஆயிற்று. போகிற வழியில் பேச்சுவாக்கில் இந்த யோசனையைச் சொன்னார். முதலாளி உம் கொட்டினார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அத்தோடு போயிற்று என்று யோகோய் நினைத்தார்.

ஆனால் முதலாளி மறக்கவில்லை. ஷார்ப் கம்பெனித் தலைவர்களிடம் பேசிவிட்டார். ஷார்ப், கால்குலேட்டர் செய்யும் கம்பெனி. கால்குலேட்டரில் எண்களைக் காட்டும் சின்னத் திரைகளை ஏராளமாகச் செய்துகொண்டு இருந்தது. கால்குலேட்டர் வியாபாரத்தில் போட்டி முற்றிப்போய் விலை சரிந்திருந்த நேரம் அது. அந்தத் திரைக்கு வேறு வேலை கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

1980-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 28-ந் தேதி 'கேம் அண்ட் வாட்ச்' வெளிவந்தது. உள்ளங்கை அகலம். ஒரே விளையாட்டு. விளையாடாதபோது மணி காட்டும். 1991 வரையில் சுமார் 60 விதமாக வந்தது. மொத்தம் 4 கோடியே 34 லட்சம் விற்றது. அதில் ஜப்பானில் விற்றது 1 கோடியே 28 லட்சம்தான். மீதி எல்லாம் வெளிநாடு!

1982-ல் வந்த ஒன்றில் யோகோய் ஒரு சின்ன மாற்றம் செய்தார். மேலே, கீழே, இடம், வலம் என்று நான்கு பக்கமும் அழுத்த, கூட்டல் குறி போல ஒரே பொத்தான் வைத்தார். கண்ணால் பார்க்காமலே கட்டை விரல் திசையைத் தெரிந்துகொள்ளும். பிறகு வந்த விளையாட்டுப் பெட்டிகளில் பெரும்பாலானவை அதையே பின்பற்றின. யோகோய் வேறு எதுவும் செய்யாமல் இருந்திருந்தாலும் இந்த ஒன்றுக்காக அவரை நினைக்கலாம்.

நிறம் இல்லாத பெட்டி

1983-ல் நிண்டெண்டோ 'பேமிகாம்' என்ற பெட்டியைக் கொண்டுவந்தது. டெலிவிஷனோடு சேர்த்து ஆட வேண்டும். விளையாட்டுகள் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பெட்டியில் வரும். நம் ஊரில் அதைக் கேசட் என்பார்கள். ஒரு கேசட்டை எடுத்துவிட்டு வேறு கேசட்டைச் செருகினால் வேறு விளையாட்டு. அந்தப் பெட்டி 6 கோடியே 19 லட்சம் விற்றது.

டெலிவிஷன் வேண்டாம், மின்சார இணைப்பு வேண்டாம், கேசட் மாற்றி விளையாடலாம். அப்படி ஒரு கைப்பெட்டி செய்யும் வேலை யோகோய் குழுவிடம் வந்தது.

கலர்த் திரை அப்போதே கிடைத்தது. யோகோய் வேண்டாம் என்றார். கலர் என்றால் விலை ஏறும். திரைக்குப் பின்னால் விளக்கு எரிய வேண்டும். விளக்கு எரிந்தால் பாட்டரி தீரும். பாட்டரிக்குக் காசு கொடுப்பது யார்? பிள்ளையின் அப்பா அல்லவா!

ஆகவே கறுப்பும் சாம்பலுமாக நான்கு சாயல் மட்டும். பின்னால் விளக்கு கிடையாது. வெளிச்சத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குழுவில் இருந்த சடோரு ஒகடா என்ற என்ஜினீயர், இது 'கேம் அண்ட் வாட்ச்' மாதிரி சில மாதப் பொம்மையாகப் போய்விடக்கூடாது, பல ஆண்டு நிற்க வேண்டும் என்று வாதாடினார். யோகோய் கடைசியில் விட்டுக்கொடுத்தார். கேம் பாயின் பெருமையில் ஒகடாவுக்கும் பெரிய பங்கு உண்டு. யோகோய் ஒருவரே செய்தார் என்று எழுதுவது சரி அல்ல.

கடைசி நேரத்தில் ஒரு சோதனை வந்தது. மாதிரிப் பெட்டியை முதலாளி கையில் வாங்கிப் பார்த்தார். திரையைக் கொஞ்சம் சாய்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. இதை எப்படி விற்பது என்று கேட்டுவிட்டார். யோகோய் மனம் உடைந்துபோனார். பிறகு வேறு வகைத் திரை போட்டார்கள். படம் தெரிந்தது. உயிர் வந்தது!

1989-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி கேம் பாய் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. விலை 12,500 யென். அதே ஆண்டில் அமெரிக்காவுக்குப் போனது. அங்கே சுமார் 90 டாலர். 'டெட்ரிஸ்' என்ற கேசட்டும் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொடுத்தார்கள். மேலே இருந்து விழும் கட்டைகளை அடுக்கும் அந்த விளையாட்டை ரஷ்யாவைச் சேர்ந்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கினார். பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத் தாய் தந்தையர் பிடுங்கி வைத்துக்கொண்டு விளையாடினார்கள்!

போட்டிக்கு வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? அட்டாரி கம்பெனி 'லிங்க்ஸ்' என்று கொண்டுவந்தது. செகா கம்பெனி 'கேம் கியர்' கொண்டுவந்தது. இரண்டும் கலர்! பார்த்தால் கண்ணைப் பறிக்கும்.

போட்டிப் பெட்டி வருகிறது என்ற செய்தியை ஒருவர் பதறிக்கொண்டு வந்து சொன்னாராம். கலரா, கறுப்பு வெள்ளையா என்று யோகோய் கேட்டார். கலர் என்று பதில் வந்தது. அப்படியானால் கவலை இல்லை என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்த்தார்.

காரணம் இதுதான். கேம் பாய்க்கு 4 பாட்டரி. அது 10 மணி நேரத்துக்கு மேல் ஓடும். கலர்ப் பெட்டிகளுக்கு 6 பாட்டரி. 4, 5 மணி நேரத்தில் படுத்துவிடும். லிங்க்ஸின் விலையோ கேம் பாய் போல இரண்டு மடங்கு.

கேம் கியர் சுமார் 1 கோடியே 6 லட்சம் விற்றது. தோல்வி என்று சொல்ல முடியாது. ஆனால் கேம் பாய்? 11 கோடியே 86 லட்சம்!

பெட்டி உறுதியாகவும் இருந்தது. 1990-91 வளைகுடாப் போரில் குண்டு விழுந்த இடத்தில் கிடந்த ஒரு கேம் பாய், மேல் ஓடு கருகி உருகிய பிறகும் ஓடியது. நியூயார்க் நகரில் உள்ள நிண்டெண்டோ கடையில் அதைப் பல ஆண்டுகள் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

கணக்கைப் பார்ப்போம்

11 கோடி, 6 கோடி என்கிறோம். இந்த எண்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து இது பெரியது, அது சிறியது என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முதலில், 11 கோடியே 86 லட்சம் என்பது கறுப்பு வெள்ளைப் பெட்டி மட்டும் அல்ல. 1998-ல் வந்த 'கேம் பாய் கலர்' பெட்டியையும் சேர்த்த கணக்கு. யோகோய் அப்போது உயிரோடு இல்லை. மேலும், கேம் பாய் 10 ஆண்டுக்கு மேல் கடையில் இருந்தது. அந்தக் காலத்துக்குள் டெலிவிஷன் பெட்டிகளில் 3 தலைமுறை மாறிவிட்டது!

அந்தத் தலைமுறைகளைப் பாருங்கள். பேமிகாம் 6 கோடியே 19 லட்சம். அடுத்து 1990-ல் வந்த 'சூப்பர் பேமிகாம்' அதைவிடச் சக்தி வாய்ந்தது. விற்றது 4 கோடியே 91 லட்சம். அதற்கு அடுத்து 1996-ல் வந்த 'நிண்டெண்டோ 64' இன்னும் சக்தி வாய்ந்தது. விற்றது 3 கோடியே 29 லட்சம். பெட்டியின் சக்தி ஏற ஏற, விற்பனை இறங்கிக்கொண்டே வந்தது. போட்டியாளர்கள் பங்கு போட்டதும் ஒரு காரணம். சோனியின் முதல் 'பிளேஸ்டேஷன்' மட்டும் 10 கோடிக்கு மேல் விற்றது. இந்தச் சண்டை நடந்த காலம் முழுவதும் யோகோயின் சாம்பல் நிறப் பெட்டி ஒரு ஓரமாக விற்றுக்கொண்டே இருந்தது.

இப்போது கேசட் கணக்கைப் பாருங்கள். இதுதான் வேடிக்கை. கேம் பாய்க்கு விற்ற கேசட்டுகள் 50 கோடியே 11 லட்சம். பேமிகாமுக்கு விற்றவை 50 கோடியே 1 ஆயிரத்தை அல்ல, சரியாகச் சொன்னால் 50 கோடியே 10 ஆயிரம். ஏறக்குறைய சமம்! ஆனால் கேம் பாய் பெட்டிகளோ பேமிகாமைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வகுத்துப் பார்த்தால், ஒரு பேமிகாமுக்கு 8 கேசட். ஒரு கேம் பாய்க்கு 4 கேசட்தான். சூப்பர் பேமிகாமுக்கு ஏழு, எட்டு. நிண்டெண்டோ 64-க்கு ஏறத்தாழ 7.

கேம் பாய் வாங்கியவர்கள் கஞ்சர்களா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. டெலிவிஷன் பெட்டி வீட்டுக்கு ஒன்று. அண்ணன், தம்பி, தங்கை எல்லோருக்கும் சேர்த்துக் கேசட் வாங்குவார்கள். கைப்பெட்டி ஆளுக்கு ஒன்று. வீட்டில் 2 பிள்ளை என்றால் 2 பெட்டி. கேசட்டை மாற்றி மாற்றி ஆடுவார்கள். டெட்ரிஸ் ஒன்றே போதும் என்று இருந்தவர்களும் உண்டு. வியாபாரிக்குக் கேசட்டில்தான் லாபம் என்பார்கள். அந்தக் கண்ணால் பார்த்தால் பேமிகாம் உயர்ந்தது. எத்தனை பேர் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்த்தால் கேம் பாய் உயர்ந்தது. எதைக் கேட்கிறோமோ அதற்கு ஏற்றபடி பதில் மாறுகிறது.

சிவப்புப் பெட்டி

1995-ம் ஆண்டு ஜூலை மாதம் யோகோயின் அடுத்த பெட்டி வெளிவந்தது. 'வெர்ச்சுவல் பாய்' என்று பெயர். மேசை மேல் நிறுத்தி, கண்ணை அதற்குள் புதைத்துப் பார்க்க வேண்டும். படம் ஆழமாக, தள்ளித் தள்ளி நிற்பது போலத் தெரியும்.

ஆனால் எல்லாம் சிவப்பு! கறுப்புப் பின்னணியில் சிவப்புக் கோடுகள். சிவப்பு விளக்குதான் மலிவு. மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். பழைய வழிதான். இந்த முறை அது பலிக்கவில்லை.

குனிந்து பார்த்துக் கழுத்து வலித்தது. கண் வலித்தது. தலை வலிக்கிறது என்று பலர் சொன்னார்கள். சின்னக் குழந்தைகளுக்குக் கொடுக்காதே, இடையில் ஓய்வு எடு என்று கம்பெனியே எச்சரிக்கை அச்சிட்டது. அதைப் படித்த தாய் வாங்கிக் கொடுப்பாளா? அண்ணன் விளையாடும்போது தம்பி எட்டிப் பார்க்கவும் முடியாது. கடையில் நிற்பவருக்கு அதன் அருமையைப் படம் போட்டுக் காட்டவும் முடியாது.

மொத்தம் 22 விளையாட்டுகள்தான் வந்தன. விற்ற பெட்டிகள் 7 லட்சத்து 70 ஆயிரம். ஓர் ஆண்டு முடிவதற்குள் வியாபாரத்தை நிறுத்திவிட்டார்கள். 154 கேம் பாய் விற்றால் ஒரு வெர்ச்சுவல் பாய் விற்றது என்று கணக்கு.

30 ஆண்டு உழைத்தவருக்கு இது பெரிய அடி.

1996-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் யோகோய் நிண்டெண்டோவை விட்டு விலகினார். தோற்றதால் விரட்டிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. அவர் அதை மறுத்தார். தனியாகத் தொழில் செய்ய வேண்டும் என்று வெகு நாளாகவே எண்ணம் இருந்தது என்றார். தோல்வியோடு போகக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, போவதற்கு முன் 'கேம் பாய் பாக்கெட்' என்ற சின்னப் பெட்டியை முடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். கேம் பாயைவிட மெலிது, படமும் தெளிவு.

அந்த ஆண்டு பிப்ரவரியில் 'போக்கிமான்' என்ற விளையாட்டு கேம் பாய்க்கு வந்திருந்தது. பெட்டிக்கு அப்போது 7 வயது. அதன் காலம் முடிந்தது என்று பலர் எண்ணிக்கொண்டு இருந்தார்கள். போக்கிமான் மெல்ல மெல்லப் பிடித்துச் சக்கைப்போடு போட்டது. முதல் பதிப்புகள் மட்டும் 3 கோடிக்கு மேல் விற்றன. பழைய சாம்பல் பெட்டிக்கு மறுபடியும் கிராக்கி வந்தது. அதைச் செய்தவர் அப்போது அந்தக் கம்பெனியில் இல்லை.

நெடுஞ்சாலையில்

யோகோய் கியோட்டோவிலேயே 'கோட்டோ' என்ற சிறு கம்பெனி தொடங்கினார். கேம் பாய்க்குப் போட்டியாக ஒரு கைப்பெட்டி செய்ய பண்டாய் என்ற பொம்மைக் கம்பெனி அவருடைய உதவியை நாடியது. யோகோய் சம்மதித்தார். தம் பெட்டிக்குத் தாமே போட்டி!

1997-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 4-ந் தேதி. இஷிகாவா மாநிலத்தில் ஹொகுரிகு நெடுஞ்சாலையில் யோகோய் காரில் போய்க்கொண்டு இருந்தார். முன்னால் போன ஒரு சிறு லாரியில் கார் மோதியது. பெரிய காயம் இல்லை. என்ன சேதம் என்று பார்க்க யோகோய் கீழே இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர் மீது மோதிவிட்டது.

அவருக்கு வயது 56.

அவர் தொடங்கிவைத்த கைப்பெட்டியை மற்றவர்கள் செய்து முடித்தார்கள். 1999-ம் ஆண்டு மார்ச் மாதம் அது ஜப்பானில் வெளிவந்தது. பெயர் 'வொண்டர் ஸ்வான்'. விலை 4,800 யென்தான். கறுப்பு வெள்ளைத் திரை. ஒரே ஒரு பாட்டரியில் ஓடியது. அதனுடன் வெளிவந்த விளையாட்டு ஒன்று, கோடுகளை இடம் மாற்றி வரிசையாக இணைப்பது. கோட்டோ கம்பெனி செய்தது. அதற்கு அவருடைய பெயரையே வைத்து 'குன்பே' என்று அழைத்தார்கள்.